முன்கூட்டியே நலம்

குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது கல்லு தெருவில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஸ்கூட்டர் சாவி. ஒரு காலில் செருப்பு, இன்னொன்று வெறுங்கால். எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கொஞ்சம் தாழ்த்தி, என்ன அவசரம் என்று கேட்டார். கல்லுவுக்கும் அதுதான் தெரியவில்லை. முதல் விசிலுக்கு உடம்பு எழுந்துவிட்டது. இரண்டாவதற்குச் சாவி கைக்கு வந்துவிட்டது. அழைப்பு வந்து தொண்ணூறு விநாடிக்குள் வண்டி கேட்டைத் தாண்ட வேண்டும் என்று பதினாறு வருஷம் பழகிய கால்கள், வண்டியே இல்லையே என்று ஒரு வார்த்தை கேட்காமல் வாசலுக்கு ஓடிவந்துவிட்டன. காற்று வாங்க வந்ததாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒற்றைச் செருப்போடு காற்று வாங்குகிறவர்களும் உலகத்தில் உண்டு என்பதுபோல எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளை மறுபடி உயர்த்திக்கொண்டார்.

அன்றைக்கே அவர் மனைவி குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டாள். அழைப்பு மணியின் ஒயரையும் பிடுங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாமே தட்டு போட்டு மூடிய பாத்திரத்தில், சத்தம் போடாமல்தான் வெந்தது.

கல்லு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, ஆம்புலன்ஸ் நிலையத்தில் வைத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், நெடுஞ்சாலையில் ஐந்து வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய ஒரு நாளில், மற்றவர்களெல்லாம் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கி நிற்க, இவர் மட்டும் கையுறையைக் கழற்றிக் கைகழுவிவிட்டு, சர்க்கரை கம்மியாக ஒன்று கேட்டாராம். மனுஷனா கல்லா என்று யாரோ சொல்ல, அது ஒட்டிக்கொண்டது. பட்டப்பெயரில் ஒரு தொல்லை உண்டு. வைத்தவர்கள் மறுநாளே மறந்துவிடலாம். வாங்கியவர்தான் ஆயுசு முழுக்க அதற்கு ஏற்றபடி நடந்து தொலைக்க வேண்டும்.

அவரோடு வண்டியில் போகும் மருத்துவ உதவியாளருக்குப் பெயர் பஞ்சு. முப்பது வயசுக்காரி. அவள் பையில் எப்போதும் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் காரணம். கல்லும் பஞ்சும் ஆறு வருஷம் ஒரே வண்டியில் போனார்கள். கல்லு உடைந்தபோது பக்கத்தில் இருந்தவளும் அவள்தான்.

உடைந்தது என்றால் சத்தமெல்லாம் எதுவும் இல்லை. ஒரு நோயாளியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். சிக்னலில் சிவப்பு. நின்றார்கள். பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. ஆம்புலன்ஸுக்கு வழிவிடச் சொல்லி ஊரே ஹாரன் அடித்துப் பார்த்திருக்கிறோம். ஆம்புலன்ஸையே வழிவிடச் சொல்லி ஊர் ஹாரன் அடித்தது அன்றைக்குத்தான்.

"அண்ணே, பச்சை."

"இரு. பின்னால கேக்கறாங்க."

"என்ன கேக்கறாங்க?"

"வந்தாச்சான்னு."

பின்னால் யாரும் இல்லை. பஞ்சு ஸ்ட்ரெச்சரைத் திரும்பிப் பார்த்தாள். துடைத்துக் காயப்போட்ட பச்சை ரெக்சின் மட்டும் இருந்தது. நாலாவது பச்சையில் அவள் இறங்கிச் சுற்றி வந்து, அவர் மடிமேல் கை நீட்டிச் சாவியைத் திருகி எடுத்தாள். ஸ்டியரிங்கிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

மனநல மருத்துவர் சுற்றிவளைக்கவில்லை. வேலையால் வந்த நோய், சிகிச்சை வேண்டும், ஓட்டக் கூடாது என்று மூன்று வரியில் சான்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த மூன்று வரியை அலுவலகம் ஒத்துக்கொள்ள வேண்டும், அதுதான் விஷயம். பணிக்காயம் என்று ஏற்றால் சம்பளத்தோடு சிகிச்சை விடுப்பு, பிறகு ஸ்டியரிங் இல்லாத வேறு வேலை. ஏற்காவிட்டால் பதினைந்து நாளில் வந்து வண்டியை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அவராகவே வேலையை விட்டுவிட்டதாகக் கருதப்படும். ஆக, ஒரு கையெழுத்தில் அவர் நோயாளி. அது கிடைக்காவிட்டால், பதினாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஒரு நாள் காரணமில்லாமல் சிக்னலில் வண்டியை நிறுத்திய ஆள்.

இழப்பீட்டுப் படிவம் ஆறு பக்கம். விபத்து நடந்த தேதி, நேரம், இடம் என்று ஒரே ஒரு வரி. கல்லு அந்த வரிக்கு மேலே பேனாவை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிரிவு எழுத்தர் நல்ல மனுஷர். ஏதாவது பெரிசாக ஒன்றைச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். கல்லு பெரிசாக ஒன்றைத் தேடினார். ஐந்து வண்டி விபத்து, தீப்பிடித்த கிடங்கு, எல்லாம் கூப்பிட்டால் வந்தன, வந்து ஓரமாக நின்றன. கூப்பிடாமல் வந்தது வேறு. முன்பின் தெரியாத ஒரு ஆள். உயிர் வழியிலேயே போய்விட்டது. இறந்தவர் சட்டைப்பையில் போன் அடித்தது. திரையில் 'வீடு' என்று இருந்தது. எடுக்கக் கூடாது என்பது விதி. ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம், அதற்குள் வீடு ஒன்பது தடவை கூப்பிட்டது.

இதைச் சொன்னதும் எழுத்தர் தலையைச் சொறிந்தார். போன் அடித்ததெல்லாம் விபத்தில் வராது என்றார்.

அடுத்த கட்டம் காயம்பட்ட உறுப்பு. வலது பெருவிரல், இடது பெருவிரல், கண், காது என்று நீண்ட பட்டியல். பல்லுக்குக்கூட மேல்வரிசை, கீழ்வரிசை என்று தனித்தனியாகக் கட்டம் போட்டிருந்தார்கள். கடைவாய்ப்பல்லுக்கு இருந்த மரியாதை மனசுக்கு இல்லை.

"தலைன்னு போடுங்க சார்," என்றார் எழுத்தர். "மனசு அங்கதான எங்கேயோ இருக்கு."

போட்டார். படிவம் திரும்பி வந்தது, தலைக்காயத்துக்கு ஸ்கேன் எங்கே என்ற கேள்வியோடு. ஸ்கேன் எடுத்தார். குறிப்பிடும்படி உள்ளே எதுவும் இல்லை என்று முடிவு வந்தது.

மனைவி அதை வாங்கிப் படித்தாள். "உள்ள ஒண்ணும் இல்லன்னு கண்டுபிடிக்க இவ்வளவு பெரிய மிஷினா? கல்யாணமான மறுநாளே என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

கல்லு சிரித்தார். அவளும் சிரித்தாள். நாலு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அப்புறம் அவள் எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் மறுபடி கழுவினாள்.

இழப்பீட்டு விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது அலுவலகத்தின் பதில் வந்தது. தபாலில் அல்ல, ஆட்டோவில். இரண்டு அட்டைப்பெட்டி. விண்ணப்பதாரர் தமக்கு நலமில்லை என்று பணியில் ஒருமுறைகூடத் தெரிவித்தவர் அல்ல, ஆதாரமாகக் கடைசி மூன்று வருஷத்து ட்ரிப் ஷீட்டுகளின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன என்று மேலே ஒரு கடிதம். நாலாயிரத்துச் சொச்சம் தாள். ஒவ்வொன்றின் அடியிலும் 'பணிக்குழு நிலை' என்று ஒரு வரி, நலம், நலமில்லை என்று இரண்டு கட்டம். நாலாயிரத்துச் சொச்சத்திலும் நலம் என்ற கட்டத்தில் டிக். கீழே கல்லுவின் கையெழுத்து, அதற்கும் கீழே பஞ்சுவின் கையெழுத்து.

இங்கே நிலையத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு கேஸ் முடிந்து அரை மணிக்குள் ட்ரிப் ஷீட் போய்ச் சேர வேண்டும். அந்த அரை மணியில் கையில் என்ன ஒட்டியிருக்கும் என்பதைச் சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்லாமல் விடுவோம். அதற்குள் அடுத்த அழைப்பும் வந்திருக்கும். அதனால் புதுப் பேட் பிரிக்கிற நாளில், காலையில் டூட்டிக்கு வந்ததும், டீ ஆறுவதற்குள், ஐம்பது தாள் கொண்ட பேடைத் தொடையில் வைத்துக்கொண்டு டிக், கையெழுத்து, டிக், கையெழுத்து என்று கடைசித் தாள் வரை போட்டு முடித்துவிடுவார்கள். நேரமும் பெயரும் மேலே பிற்பாடு எழுதிக்கொள்ளலாம். நலம் மட்டும் முன்கூட்டியே. இனிமேல் நடக்கப்போகிற ஐம்பது சாவுக்கும் ரத்தத்துக்கும் பிறகு நாங்கள் சௌக்கியமாக இருப்போம் என்று டீ ஆறும் முன்பே எழுதிக் கொடுப்பது, கைதேர்ந்த ஜோசியரும் தயங்குகிற வேலை.

நலமில்லை என்ற கட்டத்தில் டிக் போட்டால் என்ன ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வண்டியை ஓரங்கட்டுவார்கள். கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும், மேற்பார்வையாளர் வருவார், காரணம் எழுது என்பார். மாற்று ஆள் வரும்வரை அந்த வட்டாரத்துக்கே வண்டி கிடையாது. அந்த நேரம் பார்த்து எவருக்காவது நெஞ்சு வலித்தால்? அந்தப் பாவம் யார் தலையில்? அதனால் அந்தக் கட்டம் அச்சடித்த நாள் முதல் கன்னி கழியாமல் இருந்தது.

கல்லு பெட்டிகளைத் தொடவே இல்லை. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி தரையில் பாயை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தாள். அவளுக்கு ஆயத்த ஆடை கம்பெனியில் செக்கிங் வேலை. நாளைக்கு அறுநூறு சட்டை அவள் கைவழியே போகும். தையல் விட்டதும் காலர் கோணியதும் கண்ணுக்கு முன்னால் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். தாள்களையும் சட்டையைப் போலத்தான் தள்ளினாள். மத்தியானத்துக்குள் பதினோரு தாள் தனியாக வந்தது.

"எட்டாம் தேதி எங்க இருந்தீங்க?"

"வீட்ல. இதே நாற்காலில."

"பத்தாம் தேதி?"

"டாக்டர்கிட்ட. நீயும்தான வந்த."

"அப்ப இது யாரு?"

கல்லு வாங்கிப் பார்த்தார். தேதி அவர் வண்டியை விட்டு இறங்கியதற்கு அப்புறம். கையெழுத்து அவருடையது. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், அதே நாள் அதே நேரம் ஊரின் மறுகோடியில் ஒரு மாரடைப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு நலமாக இருந்திருக்கிறார். எப்படி என்று புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவரும் பஞ்சுவும் கையெழுத்துப் போட்டு வைத்த கடைசி பேடில் மிச்சமிருந்த தாள்கள் வண்டியிலேயே கிடந்திருக்கின்றன. அவருக்குப் பதிலாக வந்தவர் மேலே எழுதி, கிழித்துக் கொடுத்திருக்கிறார். அலுவலகத்தில் கோத்தவர் கையெழுத்தைப் பார்த்துக் கோத்தாரே தவிர, தேதியைப் பார்க்கவில்லை.

"இந்த பதினொரு பீஸ் போதும்," என்றாள் மனைவி. "மொத்த லாட்டும் ரிஜெக்ட்."

கல்லுவின் முகத்தில் வந்த வெளிச்சம், டிபன் வண்டி தெருவைக் கடக்கிற நேரம்கூட நிற்கவில்லை. பதிலாக வந்தவர் யார் என்பது நினைவுக்கு வந்துவிட்டது. ஆமை.

நிலையத்திலேயே வேகமாக ஓட்டுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஓய்வுபெற எட்டு மாதம். அடுத்தவர் கையெழுத்தில் தாள் கொடுத்தது பொய்ப்பதிவு. பொய்ப்பதிவு என்று ஒரு மெமோ வந்தால் ஓய்வுக் காகிதங்கள் எந்த மேஜையில் நிற்கின்றனவோ அங்கேயே நின்றுவிடும். பஞ்சுவின் கையெழுத்தும் அந்தப் பதினொன்றிலும் இருந்தது.

மறுநாள் மத்தியானம், ஷிஃப்ட் மாறும் நேரத்தில், கல்லு நிலையத்துக்குப் போனார். அவர் வண்டியை விட்டு இறங்கிய பிறகு முதல் தடவை. ஒன்றும் மாறவில்லை. இரண்டு கட்டில், ஐந்து நிமிஷம் முன்னால் ஓடும் கடிகாரம், வாயைத் திறந்துகொண்டு வாசலைப் பார்த்து நிற்கும் பூட்ஸுகள். ஆமை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பஞ்சு ஆக்ஸிஜன் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடா," என்றார் ஆமை. "கல்லு கரைஞ்சு போச்சுன்னாங்க. முழுசாத்தான இருக்க."

கல்லு பதினோரு தாளையும் கட்டிலில் பரப்பி, விஷயத்தைச் சொன்னார். ஆமை கேட்டுக்கொண்டே காலை மடக்கினார்.

"எட்டு மாசம்டா. எட்டே மாசம். நீ கையெழுத்துப் போட்டு வச்சிருந்த, நான் மேல எழுதினேன். ஒரு வேலை மிச்சம்னு நினைச்சேன். இதுல நான் என்ன பொய் சொன்னேன்?"

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழாவதில் நின்றுவிட்டார். பஞ்சு எட்டிப் பார்த்தாள், பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்கூல் பை கேஸ் என்றார் ஆமை, கல்லுவைப் பார்க்காமல். அதற்கு மேல் அதைப் பற்றி மூன்று பேரும் பேசவில்லை. அந்த மூன்று வார்த்தையே அதிகம் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரி பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன்," என்றார் ஆமை. "வெளிய வந்து பேடை எடுத்தா, உன் கையெழுத்து. நலம்னு. அப்பாடான்னு இருந்துது. என்னைப் போடச் சொல்லியிருந்தா கை வந்திருக்காது."

தாள்களை அடுக்கி, ஓரம் தட்டிச் சமன்செய்து, கல்லுவிடமே கொடுத்தார்.

"என்னை இழுக்காத. உனக்கு ஞாயம் இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா என்னை இழுக்காத."

"இழுக்க மாட்டேண்ணே."

பஞ்சு குழாய்களைச் சுருட்டுவதிலேயே இருந்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. இரண்டாவது மணிக்குள் மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். ஆமையும் பஞ்சுவும் வண்டிக்கு வந்தபோது, கல்லு ஓட்டுநர் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எப்போது அங்கே வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஆமை அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"இது என் ட்ரிப்புடா."

எழுபது விநாடியில் வண்டி போய்விட்டது. கல்லு சைரன் தேயும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் மனைவி நன்றாகவே கேட்டாள். ஊரில் உள்ளவர்கள் வீட்டுக்கெல்லாம் கூரை வேய்ந்துவிட்டு நாம் மழையில் நிற்பதா, இவர் வாக்கைக் காப்பாற்றினால் இவர் ராத்தூக்கத்தை எவர் காப்பாற்றுவார், பதினாறாவது நாள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து மறுபடி எங்கேயாவது நிறுத்தினால், பின்னால் உண்மையிலேயே ஒருவர் படுத்திருந்தால் என்ன கதி. கடைசிக் கேள்விதான் கல்லுவைச் சுட்டது. வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். அவள் பதினோரு தாளையும் மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நான் காட்ட மாட்டேன், ஆனால் வைத்திருப்பேன் என்றாள்.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை, ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறி, காற்றில் பறக்காமலிருக்கக் காகிதங்களின் மேல் தண்ணீர் டம்ளர்கள். விசாரணை அதிகாரி மூக்கு நுனியில் கண்ணாடி மாட்டிய ஒரு பெண்மணி. அலுவலகத்தின் வக்கீல் சாந்தமானவர், குரலை உயர்த்தவே மாட்டார். பஞ்சுவைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். கல்லுவின் மனைவி பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை கணவரின் பிடரியை விட்டு அசையவில்லை. அது அவருக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

வக்கீல் பெட்டியிலிருந்து ஒரு கட்டை எடுத்து வாசித்தார். நலம். நலம். நலம். தீப்பிடித்த கிடங்கு, நலம். போன் அடித்த கேஸ் என்று விண்ணப்பதாரரே சொல்கிறாரே, அன்றைக்கும் நலம். நாலாயிரம் தடவை நலம் என்று எழுதியவர் எந்தத் தாளுக்கும் எந்தத் தாளுக்கும் நடுவில் நோயாளி ஆனார் என்று சொன்னால் அலுவலகம் தெரிந்துகொள்ளும் என்றார்.

கல்லு எழுந்து நின்றார். "எல்லாமே கிளம்பறதுக்கு முன்னாடி போட்டது மேடம். காலையில டீ குடிக்கும்போது."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அப்படியானால் அரசுப் பதிவில் பொய் எழுதியதாக ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றார். வேறு யாரெல்லாம் என்று கேட்டார். என் கையெழுத்துக்கு மட்டும்தான் நான் பொறுப்பு என்றார்.

வக்கீல் புன்னகைத்தார். கேஸ் தோற்கும்போது எல்லோரும் சொல்வதுதான் இது என்றார். உண்மையிலேயே முன்கூட்டிப் போட்டிருந்தால், இத்தனை ஆயிரத்தில் ஒரு தாளாவது எங்கேயாவது தவறியிருக்க வேண்டாமா, விண்ணப்பதாரர் இல்லாத ஒரு நாளில் அவர் கையெழுத்து வந்து விழுந்திருக்க வேண்டாமா? எங்களிடம் இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டோம். அப்படி ஒன்றைக் காட்டட்டும்.

சொந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்காதவர்களுக்கு வருகிற தைரியம் தனி ரகம்.

"இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

கல்லு மேஜைமேல் இருந்த டம்ளரைப் பார்த்தார். ஆறடிக்குப் பின்னால் கைப்பையின் ஜிப் ஒரு பல் திறந்து நின்ற சத்தம் கேட்டது. சிக்னலில் பச்சை விழுந்ததுபோல எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் நகரவில்லை.

பஞ்சு எழுந்தாள்.

"இருக்கு மேடம். பதினொண்ணு. பதினொண்ணுலயும் என் கையெழுத்து இருக்கு." அவள் அதிகாரியின் பக்கம் ஓரடி முன்னால் வந்தாள். "அண்ணன் வாக்குக் குடுத்திருக்காரு. அதனால சொல்ல மாட்டாரு. நான் யாருக்கும் எதுவும் குடுக்கல."

வக்கீல் பெட்டியைக் கிளறத் தொடங்கினார். கல்லுவின் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே, இரண்டாவது பெட்டி, மேலிருந்து நாலாவது கட்டு என்று வழிகாட்டினாள். பிறகு அவர் தேடட்டும் என்று விடாமல், தன் பையிலிருந்ததையும் கொண்டுபோய் அதிகாரி முன்னால் வைத்தாள். அதிகாரி தேதிகளையும் மருத்துவச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நலமில்லை என்று நீங்கள் ஒருமுறையாவது குறித்ததுண்டா என்று பஞ்சுவைக் கேட்டார்.

"அந்தக் கட்டத்துல யார் பேனாவும் பட்டதில்ல மேடம்."

அதிகாரி வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். அந்த அறையில் ஒரு காரியம் நடந்து முடிந்தபிறகு எழுதப்பட்டது அது ஒன்றுதான்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. பணிக்காயம் என்று ஏற்கப்பட்டது. சிகிச்சை விடுப்பு, பிறகு கிடங்கில் வேலை. விபத்து நடந்த இடம் என்பதில் சிக்னல் என்றும், காயம்பட்ட உறுப்பு என்பதில் 'பிற' என்றும் எழுதியிருந்தார்கள். மனைவி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இத்தனை நாள் என்னோடு குடித்தனம் நடத்தியது பிறவோடுதானா என்று கேட்டாள். கல்லு அன்றைக்கு நாற்காலியைச் சுவரிலிருந்து ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டார். அவ்வளவுதான், வேறு கொண்டாட்டம் இல்லை. போன் அடித்தால் இன்னமும் எழுந்து நின்றார்.

அதே தபாலில் அவருக்கு ஒரு மெமோவும் இருந்தது, பொய்ப்பதிவுக்கு. பஞ்சுவுக்கு ஒன்று. ஆமைக்கு ஒன்று. அலுவலகம் சுற்றறிக்கையும் விட்டது: இனி ட்ரிப் ஷீட்டில் யாரும் முன்கூட்டிக் கையெழுத்துப் போடக் கூடாது. பணிச்சுமையைக் குறைக்கும்பொருட்டுப் புதிய தாள்களில் 'நலம்' என்பது அச்சிலேயே டிக் செய்யப்பட்டு வரும். நலமில்லாதவர்கள் அதை அடித்துவிட்டுக் காரணம் எழுதலாம். காரணத்துக்கு ஒன்றரை அங்குலம் இடம் விட்டிருந்தார்கள்.

ஆமை ஒரு மாதம் பேசவில்லை. பஞ்சுவோடு வண்டியில் போனார், வந்தார், பேசவில்லை. கல்லு இரண்டு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை. எடுக்கப்படாத போன் என்ன செய்யும் என்பது கல்லுவுக்குத் தெரியும் என்பதால் மூன்றாவது தடவை செய்யவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். மணி ஒயர் பிடுங்கியிருப்பது தெரிந்ததுபோல, விரல் முட்டியால் மெல்ல இரண்டு தட்டு. ஆமை நின்றிருந்தார். கையில் மெமோ, நாலாக மடித்து, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. உள்ளே வந்து, உட்காரச் சொல்லும் முன் உட்கார்ந்தார்.

"விளக்கம் எழுதணுமாம். நாளைக்குக் கடைசி நாள். எனக்கு இதெல்லாம் எழுத வராது. நீதான் இப்ப படிவத்துல பட்டம் வாங்கினவனாச்சே."

கல்லு மேஜையைத் துடைத்து வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார். என்ன எழுதலாம் என்று இரண்டு பேரும் யோசித்தார்கள். தெரியாமல் நடந்துவிட்டது, பெரிய மனது பண்ணி மன்னிக்கவும் என்று எழுதிவிடலாம் என்றார் ஆமை. கல்லுவின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகவில்லை.

"இந்த பீஸ் பாஸ் ஆகாதுண்ணே," என்றாள். "இவர் எல்லாம் சொன்னாரு. அந்த ஏழாவது தாளை எழுதுங்க."

ஆமை அவளைப் பார்த்தார். கல்லுவைப் பார்த்தார். பிறகு, வாக்குவாதத்தைத் தவிர்க்கிறவர்போல, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாள் முன்னால் இருந்தால் அந்தக் கைக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஒரு எழுத்துகூட விழாத வெள்ளைத்தாளின் அடியில், வலது ஓரத்தில், பேனா போய் நின்றது.

கல்லுவின் மனைவி அந்த இடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"கடைசியில போடலாம்ணே."

ஆமை பேனாவைத் தூக்கிக் கல்லுவிடம் நீட்டினார். தண்ணீரைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கும்போது அது மேஜையில் இரண்டு தடவை தட்டியது. அவள் கையை எடுக்கவில்லை. கல்லு பேனாவைத் தாளின் தலைப்பில் வைத்துக் காத்திருந்தார்.

"எழுதிக்கடா," என்றார் ஆமை. "அன்னிக்கு நான் பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டேன்."